அரைச் சுழிக்குள் ஒரு னகரம்

தெலுங்கு ஒரு சொல்கூடத் தெரியாத தமிழர் அநேகமாக யாரும் இல்லை. திருமலைக்கு ஒரு முறை போய் வந்தவருக்குக்கூட ஒரு சொல் தெரிந்திருக்கும்: 'ஜரகண்டி'. மணிக்கணக்காக வரிசையில் நின்று, கடைசியில் அந்தக் கரிய திருமேனியைப் பார்க்கக் கண்ணைத் திறக்கிறோம். தோளில் ஒரு கை விழுகிறது, காதில் அந்தச் சொல் விழுகிறது. அதை ஏதோ வசவு என்று நினைத்துக்கொண்டே மலையிறங்கி வீடு வந்து சேர்கிறோம். நானும் முப்பது வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு திருப்பதியில் ஒரு மாதம் தங்கித் தெலுங்கு படித்தேன். கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்குப் பின்னால் ஒரு பழைய ஓட்டு வீடு. வீட்டுக்காரம்மா ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கே பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர். நான் அவரை டீச்சரம்மா என்பேன். அவர் என்னை 'நாயனா' என்பார். முதல் நாள் முதல் பாடமே 'ஜரகண்டி'தான். "ஜருகு என்றால் நகரு. அண்டி என்றால் உங்க தமிழ்ல 'ங்க'. நகருங்க! தள்ளும்போதுகூட மரியாதையாத்தான் தள்றோம் நாயனா" என்றார். அதோடு விடவில்லை. 'ஏமி ஜரிகிந்தி?' என்றால் 'என்ன நடந்தது?' என்றும் சொல்லிக் கொடுத்தார். நகர்வதற்கும் நிகழ்வதற்கும் அங்கே ஒரே வினைச்சொல். சந்நிதியில் காலம் நகர்வதும் நாம் நகர்வதும் ஒன்றுதான் என்று நானாகப் பொருள் எழுதிக்கொண்டேன்.

இப்படி ஊரில் தங்கி மொழி படிப்பதற்குப் பேர்போன இடம் ஒன்று உண்டு. மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா நாட்டில் ஆன்டிகுவா என்று ஒரு நகரம். ஸ்பானியர்கள் கட்டிய பழைய தலைநகர். 1773-இல் பூகம்பம் அதை உலுக்கியது. தலைநகரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இடிந்த தேவாலயங்களும் கல் பாவிய தெருக்களும் அப்படியே நின்றன. இன்று உலகெங்கிலுமிருந்து அங்கே ஸ்பானிஷ் படிக்கப் போகிறார்கள். ஒரு மாணவருக்கு ஒரு ஆசிரியர். காலையில் பாடம், மீதிப் பொழுதெல்லாம் சந்தையிலும் தங்கியிருக்கும் குடும்பத்தின் சமையலறையிலும் பயிற்சி. ஊரைச் சுற்றி மாயா இனத்துக் கக்சிகெல் மொழி இன்னும் பேச்சில் இருக்கிறது. பழைய ஊர், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மொழிகள், ஒரு வீட்டுத் திண்ணை. இந்த மூன்றும் திருப்பதியிலும் உண்டு. ஒரே வித்தியாசம், அங்கே போகிறவர்கள் அன்னிய மொழியைப் படிக்கப் போகிறார்கள். நான் படிக்கப் போனது சித்தி மகளின் மொழி. முகம் தெரிந்த மொழி என்பதால் சுலபம் என்று நினைத்துப் போனேன். முகம் தெரிந்ததால்தான் கூர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

எழுத்திலிருந்தே சொல்கிறேன். பெரும்பாலான தெலுங்கு மெய்யெழுத்துகளின் உச்சியில் 'டிக்' அடித்தது போல ஒரு சிறு கீற்று இருக்கும். அதற்குப் பெயர் 'தலகட்டு'. தலைப்பாகைதான். இகரக் குறி எழுத்தின் தலையில் வளைந்து உட்காரும். அதற்குப் பெயர் 'குடி', அதாவது கோயில். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்வார்கள்: ககு தலகட்டிஸ்தே க, ககு குடிஸ்தே கி, ககு கொம்மிஸ்தே கு. க-வுக்குத் தலைப்பாகை கட்டினால் 'க', கோயிலைக் கொடுத்தால் 'கி', கொம்பைக் கொடுத்தால் 'கு'. அந்தக் கோயில் வந்து உட்காரும்போது தலைப்பாகை காணாமல் போய்விடுகிறது. "கோயிலுக்குள்ள தலைப்பாகையோட போலாமா நாயனா?" இது டீச்சரம்மாவின் இலக்கண விளக்கம். நம் பழைய திண்ணைப் பள்ளியில் இதே இகரக் குறிக்கு மேல்விலங்கு என்று பெயர். நாம் விலங்கு பூட்டிய இடத்தில் அவர்கள் கோயில் கட்டியிருக்கிறார்கள். கொம்பு இரண்டு பேருக்கும் உண்டு. நமக்கு அது 'கெ'வின் முன்னால் நிற்கிறது. அவர்களுக்குக் 'கு'வின் பக்கத்தில் முளைக்கிறது.

'அம்மா'வை எழுதும்போது நாம் முதல் மகரத்தின் தலையில் புள்ளி வைத்து அடுத்ததைப் பக்கத்தில் நிறுத்துகிறோம். தெலுங்கில் 'அம்ம' எழுதினால் இரண்டாவது மகரம் முதல் மகரத்தின் கீழே சின்னதாகத் தொங்கும். அதற்கு 'வத்து' என்று பெயர். புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தை போல இருக்கும் அது. அந்த ஒரு சொல்லை மட்டும் ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்த்தேன்.

காதுக்கு வந்த சோதனை வேறு. நமக்கு ஒரே ககரம், அவர்களுக்கு நாலு. 'பாட' என்று நான் சொன்னால் டீச்சரம்மா நிறுத்திவிடுவார். உதட்டை மட்டும் பிரித்து அடித்தொண்டையைச் சும்மா விட்டால் அது பாட்டு. தொண்டையையும் அதிரவிட்டால் பாதை. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு, அதிர்கிறதா என்று பார்த்துப் பார்த்து, பாட்டுக்கும் பாதைக்கும் நடுவில் இரண்டு நாள் அலைந்தேன்.

தெலுங்கு காதுக்கு ஏன் இனிக்கிறது என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: சொற்கள் உயிரில் முடிகின்றன. 'கிழக்கின் இத்தாலியன்' என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்ததும் இதனால்தான். பேரு, ஊரு, பாலு, கன்னு, இல்லு. கொஞ்சம் நின்று யோசித்தால் ஒன்று தெரியும். நம் வீட்டில் யார் 'பால்' என்கிறார்கள்? காலையில் பாக்கெட் வாங்கப் போகிறவர் 'பாலு' என்றுதான் கேட்கிறார். பல்லு, கல்லு, சொல்லு என்றுதான் நம் வாயும் பேசுகிறது. எழுத உட்கார்ந்ததும் அந்த உகரத்தைத் துடைத்துவிடுகிறோம். அவர்கள் துடைக்கவில்லை. நம் வாய் ஒளித்து வைத்திருப்பதை அவர்கள் எழுத்து ஒளிக்காமல் சொல்கிறது.

மதியச் சாப்பாடு டீச்சரம்மா வீட்டில்தான். அங்கேதான் உண்மையான பாடம். பருப்பு 'பப்பு' ஆகியிருந்தது. நடுவில் இருந்த 'ரு' எங்கே என்று கேட்டேன். "முழுங்கிட்டோம்" என்றார். அன்று மாலையே முழுங்கிய ருகரங்களை எண்ண ஆரம்பித்தேன். மருந்து, மந்து. எருது, எத்து. விருந்து, விந்து. (கடைசிச் சொல்லைத் தமிழன் தெலுங்குக் கல்யாணப் பத்திரிகையில் முதன்முதலாகப் படிக்கும்போது சிரிப்பை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.) இன்னொரு வரிசையும் உண்டு. பாட்டு 'பாட' ஆனது, ஆட்டம் 'ஆட', தோட்டம் 'தோட', கோட்டை 'கோட'. பழந்தமிழில் பேச்சு என்ற பொருளில் 'மாற்றம்' என்று ஒரு சொல் உண்டு. அது அங்கே 'மாட' ஆகி இன்றும் தினப்புழக்கத்தில் இருக்கிறது. நாம் செய்யுளில் பூட்டி வைத்த சொல் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறது.

ழகரம் அங்கே டகரமாகும். கோழி, கோடி. மேழி, மேடி. நம் கூழ் அங்கே 'கூடு'; ஆனால் அது கூழ் இல்லை, சோறு. சித்தூர்ப் பக்கம் ராகி சங்கடி என்னும் களியை உருண்டையாக உருட்டி வைத்து, நடுவில் குழித்துக் கோழிப் புலுசுக் குழம்பை ஊற்றும்போது, 'கூடு' என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல அகராதி கிடையாது என்று தோன்றும்.

இப்படி ஒலிகளை இரண்டு பத்தியாக அடுக்கிப் பார்த்து வியந்த முதல் ஆள் நானல்ல. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், நாம் எல்லீசன் என்று அழைத்த குறள் அன்பர், 1812-இல் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கினார். கம்பெனிக்கு வேலைக்கு வந்த இளம் வெள்ளைக்காரர்களுக்கு நம் மொழிகளைக் கற்பிக்கும் பள்ளி அது. அங்கே படிப்பவர்களுக்காகக் காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணம் 1816-இல் அச்சானது. அதன் முன்பகுதியில் எல்லிஸ் ஒரு குறிப்பு எழுதினார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், சமஸ்கிருதத்தில் பிறந்தவை அல்ல என்று சொற்களை வரிசையாக நிறுத்திக் காட்டிய குறிப்பு. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவர அதற்குப் பிறகு 40 ஆண்டுகள் ஆயின. திராவிட மொழிக் குடும்பம் என்ற பெரிய கண்டுபிடிப்பு முதலில் அச்சேறியது ஒரு பாடப்புத்தகத்தின் முன்னுரையில்! ஊர் விட்டு ஊர் வந்து மொழி படிக்கிறவனுக்கு இதைவிடத் தெம்பு தரும் செய்தி வேறு இல்லை.

இரண்டாவது வாரம் சித்தூர் போனேன். 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்துக்கே தலைநகராக இருந்த ஊர். அந்த ஆண்டு தனி மாவட்டம் ஆகி, 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு போனது. 1960-இல் எல்லையைச் சரிசெய்தபோது திருத்தணி நம் பக்கம் வந்தது. கோடு எங்கெங்கோ நகர்ந்தது, பேச்சு நகரவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் கேட்டார்: "யாடிகி போவாலன்னா?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. பாடப்புத்தகத் தெலுங்கில் இது 'எக்கடிகி வெள்ளாலி'. சித்தூர் அடங்கிய ராயலசீமையில் 'எங்கே' என்பதற்கு 'யாட', 'அங்கே' என்பதற்கு 'ஆட', 'இங்கே' என்பதற்கு 'ஈட'. சங்கப் புலவர்கள் யாண்டு, ஆண்டு, ஈண்டு என்றார்களே, அதேதான். ணகரம் மட்டும் கரைந்திருக்கிறது. போகவேண்டும் என்பது 'போவால'. தமிழ் முதுகலை வகுப்பில் அடிக்குறிப்பில்லாமல் புரியாத மூன்று சொற்கள், காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு மீட்டர் இல்லாத ஆட்டோவில் உட்கார்ந்திருந்தன. கோதாவரிக் கரையில் வாக்கியத்துக்கு வாக்கியம் 'அண்டி' மழை பொழியுமாம். சித்தூரில் அண்ணனைச் சுருக்கி 'நா' என்று வாலில் ஒட்டிவிட்டால் போதும். இந்தப் பேச்சின் ருசியை நாமினி சுப்ரமண்யம் நாயுடு தம் 'மிட்டூரோடி கதலு' தொகுப்பில் அப்படியே எழுத்தில் பிடித்து வைத்தார். 2021-இல் வந்த 'புஷ்பா' படம் அதை நாடெங்கும் கேட்க வைத்தது.

மொழி தெரிந்துவிட்டது என்ற தெம்பில் ஒரு நாள் வழுக்கியும் விழுந்தேன். மளிகைக் கடையில் கூட்டம். என்னைப் பார்த்துக் கடைக்காரர் ஏதோ கேட்டார். 'மற்றவர்களை முதலில் கவனியுங்கள், எனக்கு அவசரம் இல்லை' என்று பெருந்தன்மையாகச் சொல்ல நினைத்து, "நாகு அவசரம் லேது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, எனக்காக நிறுத்து வைத்திருந்த பருப்பைத் திரும்ப மூட்டையில் கொட்டினார். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்! நம் அவசரத்துக்கு அவர்கள் சொல் 'தொந்தர'. தேவையும் அவசரமும் ஒன்றல்ல என்று அறிவுரை சொன்னவர்கள் பலர். ஒரு கிலோ பருப்பைத் திரும்பக் கொட்டிப் புரியவைத்தவர் அந்தக் கடைக்காரர் ஒருவரே.

இன்னொரு நுணுக்கம். டீச்சரம்மாவின் பேத்தி பள்ளிவிட்டு வந்தால் 'பாப வச்சிந்தி' என்பார். மழை வந்தாலும் 'வச்சிந்தி', பூனை வந்தாலும் 'வச்சிந்தி'. ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒரே வினைமுற்று. தொல்காப்பியம் படித்த தமிழ் மனம் திணைவழு என்று முதலில் முகம் சுளிக்கும். பிறகு நம் வீட்டுப் பேச்சு நினைவுக்கு வரும். 'பாப்பா வந்துடுச்சு', 'அந்தப் பொண்ணு நல்லாப் படிக்குது' என்று நாம் சொல்வதில்லையா? இலக்கணம் அங்கே சட்டமாக வைத்ததை நாம் இங்கே செல்லமாக வைத்திருக்கிறோம்.

மூன்றாவது வாரம் வினைச்சொற்களைக் கண்டு மிரண்டு, பாடத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். டீச்சரம்மா ஒரு பழமொழியை எடுத்து வீசினார்: "ரோட்லோ தல பெட்டி, ரோகடி போட்டுக்கு வெரவடமா?" முழுதும் புரிந்தது, அகராதி இல்லாமலே. உரலில் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கை இடிக்குப் பயப்படலாமா! உரல்தான் 'ரோலு', உலக்கைதான் 'ரோகலி'. உரலில் இருந்த உகரமும் ரகரமும் இடம் மாறிக்கொண்டால் ரோலு. சதை-தசை, விசிறி-சிவிறி என்று பள்ளியில் இலக்கணப் போலி படித்தோமே, அந்த வகை. உள் என்பது 'லோ' ஆனதும் இந்த வழியில்தான். கடைசிச் சொல்லைப் பாருங்கள்: வெரவடம். நம் 'வெருவுதல்'. பயம் என்ற வடசொல் வந்து நம் வெருவை ஏட்டுக்குத் துரத்திவிட்டது; ஒரு தெலுங்குப் பாட்டியின் பழமொழியில் அது பிழைத்துக் கிடக்கிறது.

கடைசி வாரம் மலைக்குப் போனேன். இந்த மலையைத்தான் தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வட எல்லை என்கிறது. இந்த மலையின் மேல் மொழிகளுக்குள் சண்டை இல்லை. விடியலில் சமஸ்கிருதச் சுப்ரபாதம். மார்கழி வந்தால் அந்த இடத்தில் ஆண்டாளின் திருப்பாவை. கோயில் சுவர்க் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ்; வெள்ளித் திருமேனி செய்து கொடுத்த பல்லவர் குலத்துச் சாமவையின் 10-ஆம் நூற்றாண்டுக் கொடையும் அதில் சேர்த்தி. வேங்கடவனைப் பாடிய அன்னமாச்சாரியாரின் (1408–1503) பாட்டுகளில் பெரும்பாலானவை தெலுங்கு. அந்தப் பாட்டுகளைச் செப்பேட்டில் பொறித்துக் கோயிலுக்குள் ஒரு சிறு அறையில் வைத்தார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து, 20-ஆம் நூற்றாண்டில்தான் அச்சேறின. செப்பு என்றால் தெலுங்கில் சொல். தமிழிலும் சொல்தான், செம்பும்தான். செப்பேட்டில் செப்பியவை என்று சொன்னால் இரண்டு மொழிக்கும் பொருந்தும்.

கீழே வந்ததும் டீச்சரம்மா கடைசிப் பாடமாகத் தன் அப்பாவின் பழைய புத்தகம் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். சில எழுத்துகளுக்குப் பின்னால் அரை வட்டம், வளர்பிறை போல. "அரசுன்ன" என்றார். சுன்ன என்றால் சுழி. இது அரைச் சுழி. கிடுகு ராமமூர்த்தி (1863–1940) முன்னின்று நடத்திய பேச்சுமொழி இயக்கத்துக்குப் பிறகு, எழுத்து எளிமையானபோது, இது புழக்கத்திலிருந்து மெல்ல நழுவிவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. உச்சரிப்பிலும் அதற்கு வேலை இல்லை. "அப்புறம் எதுக்கு?" என்றேன்.

அவர் 'மூடு' என்று எழுதி நடுவில் அந்த அரைச் சுழியை வைத்தார். மூன்று. மூன்றில் இருக்கும் னகரம் தெலுங்கில் ஒரு காலத்தில் மூக்கொலியாக இருந்து தேய்ந்து போனது. இருந்த இடத்துக்கு அடையாளமாக அரைச் சுழியை வைத்தார்கள். அடுத்து 'ஏடு' என்று இரண்டு முறை எழுதினார். ஒன்றில் அரைச் சுழி இல்லை: அது ஏழு. ஒன்றில் உண்டு: அது ஆண்டு. ஏழில் மூக்கொலி கிடையாது, ஆண்டில் உண்டு. இன்றைய எழுத்தில் இரண்டும் ஒரே 'ஏடு'.

பிறகு அவர் சொல்லாமலே நானாக ஒன்றை எழுதிப் பார்த்தேன், எல்லாத் தமிழ் யாத்திரிகரும் படியேறும்போது கூவும் பெயரை: ஏடுகொண்டலவாடு. ஏடு, ஏழு. கொண்ட, குன்று. வாடு, அவன். ஏழு குன்றவன்! ஒரு துண்டுகூட அன்னியமில்லை. தலைமுறை தலைமுறையாக வாய் நிறையத் தமிழைத்தான் கூவிக்கொண்டிருக்கிறோம், தெலுங்கு என்று நினைத்துக்கொண்டு. டீச்சரம்மா என் பேனாவை வாங்கி, 'வாடு'வின் நடுவில் அரைச் சுழியை வைத்தார். அது அவனில் இருக்கும் 'ன்'.

அடுத்த முறை திருப்பதிக்குப் போகிறவர்கள் தரிசனம் முடிந்த கையோடு பஸ் ஏறிவிடாமல் ஒரு நாள் கூடுதலாக இருந்துவிட்டு வாருங்கள். கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ஆட்டோக்காரரிடம் ஈட, ஆட, யாட என்று பேசிப் பாருங்கள். தப்பாகப் பேசினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அப்படியே சிரித்தாலும், 'செப்பண்டி' என்று மரியாதையோடுதான் சிரிப்பார்கள்.